அணைக்காதே!

1990-ம் வருடத்தின் கடைசி. ஜெனீவாவுக்குப் பக்கத்தில், சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது செர்ன் அணு ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஓர் அறையில் கறுப்பாக, கனசதுரமாக ஒரு கம்ப்யூட்டர். அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம். இந்த மெஷின் ஒரு சர்வர், இதை அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். முடிவில் ஒன்றல்ல, இரண்டு ஆச்சரியக்குறி.

அப்படி என்ன தலைபோகிற விஷயம்?

வேறொன்றுமில்லை. வேர்ல்ட் வைட் வெப் மொத்தமும் அந்த ஒரு டப்பாவுக்குள்தான் இருந்தது! டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகின் முதல் வெப்சைட், அதைக் கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் புரோகிராம், எல்லாம் அங்கேதான். யாராவது ஒரு புண்ணியவான் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, 'பாவம், கரன்ட் வேஸ்டாகுதே' என்று நல்ல எண்ணத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டால், முடிந்தது கதை.

சர்வர் என்றால் நமக்கு ஓட்டல் ஞாபகம்தான் வரும். ரெண்டு இட்லி, ஒரு வடை என்று கேட்டால் கொண்டுவந்து வைப்பவர். கம்ப்யூட்டர் சர்வர் செய்வதும் அச்சு அசலாக அதே வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம். ஓட்டல் சர்வருக்கு ராத்திரி பத்தரைக்கு டியூட்டி முடியும். இவருக்கு முடியாது. வார லீவு இல்லை, தீபாவளி இல்லை, தலைவலி காய்ச்சல் எதுவும் வரக் கூடாது.

ஆனால் வரும். மெஷின் என்றால் கெட்டுப்போகத்தானே செய்யும்? கெட்டுப்போகிற சாமானை வைத்துக்கொண்டு, நிற்காமல் ஓடுகிற ஓர் ஏற்பாட்டை எப்படிச் செய்வது? சர்வரின் சரித்திரம் என்பது இந்த ஒரு கேள்விக்கு மனிதன் பதில் தேடிய கதைதான்.

அந்தக் கதை கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கவில்லை. ஓர் இரும்பு அலமாரியில் ஆரம்பிக்கிறது.

*

1915-ம் வருடம் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு டெலிபோனில் பேசினார்கள். ஒரு கண்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. சும்மா கம்பியை இழுத்துக் கட்டினால் மட்டும் நடக்கிற காரியமில்லை. போகப்போகக் குரல் தேய்ந்து, கடைசியில் கொசு ரீங்காரமாகிவிடும். எனவே வழியில் அங்கங்கே குரலுக்குத் தெம்பு ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்கு ரிப்பீட்டர் என்று பெயர். உள்ளே வால்வுகள்.

தொலைதூர லைன்கள் பெருகப் பெருக ரிப்பீட்டர்களும் பெருகின. எக்ஸ்சேஞ்சில் இடம் போதவில்லை. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு இரும்புத் தூண்கள். தூணில் வரிசையாகத் துளைகள். உள்ளே என்ன கருவி வேண்டுமானாலும் இருக்கட்டும். அதன் முன்பக்கத் தகடு மட்டும் 19 அங்குல அகலம் இருக்க வேண்டும். உயரம் 1.75 அங்குலம், அல்லது அதன் மடங்கு. ஸ்க்ரூவைக் கழற்று, கெட்டதை உருவு, நல்லதை மாட்டு. அவ்வளவுதான்.

மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று நாம் பட்ட பாடு ஞாபகமிருக்கிறதா? தண்டவாளத்தின் அகலம் மாறினால் ரயிலை விட்டு இறங்கி மூட்டை முடிச்சோடு அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓட வேண்டும். ஒரே அகலம் என்றால் எந்த வண்டியும் எங்கும் போகும். ரேக் என்கிற இந்த அலமாரி, மின்னணு சாமான்களின் பிராட் கேஜ். ரேடியோ நிலையம், ராணுவம், ஆய்வுக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் பரவியது. நூறு வருஷமாகியும் அந்த 19 அங்குலம் மாறவில்லை. இன்றைக்கு நீங்கள் வாங்குகிற சர்வரின் உயரத்தை 1 யூ, 2 யூ என்று சொல்கிறார்களே, அந்த ஒரு யூ என்பது அதே 1.75 அங்குலம்தான்.

*

அடுத்த காட்சி, லண்டன். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது.

ஹிட்லரின் தளபதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள லோரன்ஸ் என்ற சங்கேத இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். அதை உடைக்க பிளெட்ச்லி பார்க்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது ஒரு கூட்டம். டாமி ஃபிளவர்ஸ் என்பவர் ஒரு யோசனை சொன்னார். கொத்தனாரின் மகன். தபால் துறை இன்ஜினீயர். அன்றைய பிரிட்டனில் டெலிபோனும் தபால் துறையின் கையில்தான் இருந்தது.

'ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகளை வைத்து ஒரு மெஷின் செய்துவிடலாம்' என்றார் அவர்.

பிளெட்ச்லி பார்க்கில் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. வால்வு என்பது பல்பு மாதிரி. எப்போது பியூஸ் போகும் என்று அதற்கே தெரியாது. ஆயிரம் வால்வு இருந்தால் எந்நேரமும் ஒன்றாவது செத்துக்கொண்டேதானே இருக்கும்? இதை வைத்து எங்கே சங்கேதத்தை உடைப்பது?

ஃபிளவர்ஸுக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரிந்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வால்வு ஓடும்போது அதிகம் சாவதில்லை. போடும்போதும் அணைக்கும்போதும்தான் சாகிறது. சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, அந்த அதிர்ச்சியில்தான் போகிறது.

அப்படியானால்? அணைக்காதே. போட்டால் போட்டபடி விட்டுவிடு.

டாலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆய்வுக்கூடத்திலேயே, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நிற்கிற அதே மாதிரி இரும்பு ரேக்குகளில் அந்த மெஷினைக் கட்டி முடித்தார்கள். சுமார் 1,600 வால்வுகள். பெயர், கொலோசஸ். 1944 பிப்ரவரியில் வேலையை ஆரம்பித்தது. சொன்னபடியே ஓடியது. போர் முடிவதற்குள் பத்து கொலோசஸ்கள் வந்துவிட்டன. ஆனால் எல்லாம் பரம ரகசியம். தான் என்ன செய்தோம் என்று முப்பது வருஷத்துக்கு அந்த மனிதரால் வெளியில் மூச்சு விட முடியவில்லை.

அதே காலத்தில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பிலடெல்பியாவில் எனியாக் தயாராகிக்கொண்டிருந்தது. இது இன்னும் ராட்சதன். சுமார் 18,000 வால்வுகள், 30 டன். இதைக் கட்டிய பிரெஸ்பர் எக்கர்ட்டுக்கு வால்வைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எலி! ஒயரைக் கடித்துவிட்டால் என்ன செய்வது? மனிதர் யோசித்தார். கடையில் கிடைத்த ஒயர் வகைகளையெல்லாம் வாங்கி, எலிக் கூண்டில் போட்டார். எந்த ஒயரை எலிகள் சீந்தவில்லையோ, அதையே மெஷினுக்குத் தேர்ந்தெடுத்தார். பராமரிப்பு என்பது மெஷினை வாங்கிய பிறகு ஆரம்பிப்பதல்ல. அதற்கு முன்பே ஆரம்பிப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எக்கர்ட் இன்னும் இரண்டு காரியம் செய்தார். வால்வுகளை அவற்றின் முழு சக்திக்கு ஓட்டாமல் அடக்கியே ஓட்டினார். எண்ணிக்கை செய்கிற முக்கியமான பாகங்களை அப்படியே உருவி, மாற்றுப் பாகத்தைச் சொருகுகிற மாதிரி அமைத்தார். பழுதானதை மேஜையில் வைத்து நிதானமாக ரிப்பேர் பார்க்கலாம்.

ஆனாலும் வால்வுகள் போகத்தான் செய்தன. பதினெட்டாயிரத்தில் எது போச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த மெஷினுக்கு புரோகிராம் செய்த ஆறு பெண்கள் இருந்தார்கள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். வரைபடங்களைப் பார்த்தே மெஷினின் நரம்பு நாளங்களைக் கற்றுக்கொண்டவர்கள். தப்பான விடை வந்தால், கோளாறு எந்த இடத்தில் என்று ஏறக்குறைய அந்த வால்வு வரைக்கும் போய்ச் சொல்லிவிடுவார்கள். 1946-ல் எனியாக்கை உலகத்துக்குக் காட்டி விழா எடுத்தபோது அந்தப் பெண்களின் பெயர்கள் பேசப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் சரித்திரம் அவர்களைத் தேடிப் போனது.

கட்டியவனுக்கு மாலை. காப்பாற்றியவர்களுக்கு மறதி. இந்தப் பழக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

*

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. அது போய் சிப் வந்தது. 1990-களில் இன்டர்நெட் வந்ததும் ஒரு புதுத் தலைவலி. வெப்சைட் நடத்துகிற கம்பெனிகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் போதவில்லை. நூறு வேண்டும், ஆயிரம் வேண்டும். மேஜைக்கடியில் நிற்கிற டப்பாக்களை ஷெல்ஃபில் அடுக்கினால் இடம் அடைக்கிறது. ஒயர்கள் இடியாப்பம் மாதிரி சிக்கிக்கொள்கின்றன. இடத்துக்கு வாடகை வேறு.

என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்தால், ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது டெலிபோன்காரர்களின் பழைய இரும்பு அலமாரி. கம்ப்யூட்டரைப் படுக்கப் போட்டார்கள், தட்டையாக்கினார்கள், 19 அங்குலத்துக்குள் அடக்கினார்கள். 1998-ல் கோபால்ட் கம்பெனியின் 'ராக்' சர்வர் வெறும் 1 யூ உயரத்தில் வந்தது. இந்த ரகத்துக்கு 'பிட்சா டப்பா' என்றே செல்லப் பெயர். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிற ஒரு ரேக்கில் வழக்கமாக 42 யூ. அதாவது இப்படி 42 டப்பாக்கள்.

சரி, ரேக்கில் ஒரு சர்வரை மாட்டுவது அப்படி என்ன பெரிய வித்தை? நாலு ஸ்க்ரூதானே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில், கனமானது கீழே. பேட்டரி, டிஸ்க் நிறைந்த சர்வரெல்லாம் அடித்தட்டில். மேலே கனத்தை ஏற்றிவிட்டு, ஒரு சர்வரை டிராயர் மாதிரி வெளியே இழுத்தால் ரேக்கே தலைகுப்புற ஆளின் மேல் சாயும். கனமான சர்வரைத் தூக்குவதற்கு ஒருவர் போதாது. இரண்டு பேர் வேண்டும்.

அப்புறம் நட்டு. அந்தக் காலத்தில் தூணின் துளைக்குள்ளேயே மரை வெட்டியிருக்கும். ஒருவன் ஸ்க்ரூவைக் கோணலாக முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டால் அந்தத் துளை ஆயுளுக்கும் வீண். இப்போது துளை சதுரம். அதில் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்த நட்டை அழுத்திச் சொருக வேண்டும். மரை போனால் நட்டை மட்டும் பிடுங்கிப் போட்டுவிடலாம். விரல் நகத்தைப் பதம் பார்க்கிற சமாசாரம்தான். ஆனால், எது கெட்டாலும் அதை மட்டும் மாற்று என்கிற தத்துவம் அந்த ஒரு நட்டுக்குள் அடக்கம்.

பிறகு கரன்ட். நல்ல சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை உண்டு. இரண்டையும் வெவ்வேறு லைனில் மாட்ட வேண்டும். இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிவிட்டு, 'ரெண்டு சப்ளை இருக்கு சார்' என்று மார்தட்டினால், ஒரு பியூஸ் போனதும் இரண்டும் சேர்ந்து போகும்.

காற்று இன்னும் முக்கியம். சர்வர் முன்பக்கம் குளிர்ந்த காற்றை உறிஞ்சி, பின்பக்கம் அனலைத் துப்பும். ஒரு வரிசையின் முதுகு அடுத்த வரிசையின் முகத்தைப் பார்த்து நின்றால்? முதல்வர் துப்பிய அனலை அடுத்தவர் குடிக்க வேண்டியதுதான். 1990-களில் ஐ.பி.எம். இன்ஜினீயர் ராபர்ட் சல்லிவன் சொன்ன வழி மகா எளிமையானது. முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு. ஒரு சந்து குளிர், அடுத்த சந்து சூடு. ரேக்கில் காலியாக இருக்கிற இடத்தைத் தகடு போட்டு மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் அனல் அந்த ஓட்டை வழியாக முன்பக்கம் திரும்பி வந்துவிடும்.

கடைசியாக லேபிள். எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று இரண்டு முனையிலும் எழுதி ஒட்டுவது. வேலை முடிகிற அவசரத்தில் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விடப்படுவது இதுதான். நடுராத்திரி இரண்டு மணிக்கு, எதைப் பிடுங்குவது என்று தெரியாமல் கையில் டார்ச்சோடு நிற்கும்போது ஞாபகத்துக்கு வருவதும் இதுதான்.

மாட்டியாச்சு. ஓடுது. இனிமேல்?

இனிமேல்தான் இருக்கிறது. டிஸ்க் சாகும். 1987-88-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் 'ரெய்டு' என்ற ஏற்பாட்டை விளக்கினார்கள். விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றைக் கூட்டணி சேர்த்துவிடு. ஒன்று செத்தாலும், மற்றவற்றில் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டு, போனதை மீட்டுவிடலாம். சர்வரை அணைக்காமலே செத்த டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைச் சொருகலாம். எக்கர்ட்டின் கனவு நனவாகிவிட்டது!

ஆனால் ஒரு டிஸ்க் இறப்பைத் தாங்குகிற கூட்டணியில், செத்ததற்குப் பதிலாகப் பக்கத்தில் உயிரோடு இருப்பதை உருவிவிட்டால்? கூட்டணி கவிழ்ந்தது. ஆரஞ்சு விளக்கு எரிகிற டிஸ்க்கின் எண்ணை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்க்கச் சொல்வது இதற்காகத்தான். எல்லா டெக்னாலஜியும் கடைசியில் ஒரு மனிதனின் இரண்டு விரல்களில் வந்து நிற்கிறது.

*

1999-ல் கூகுள் என்ற பொடிக் கம்பெனி வேறொரு வழியில் போனது. கையில் காசில்லை. உயர்ரக சர்வர் வாங்க வழியில்லை. ஒரு தட்டில் கார்க் அட்டையை விரித்து, அதன் மேல் நாலு மலிவு மதர்போர்டுகளைப் பரப்பி, ரேக்கில் சொருகினார்கள். அந்த ரேக்கில் ஒன்று இன்று அமெரிக்காவின் கம்ப்யூட்டர் மியூசியத்தில் இருக்கிறது. பார்த்தால் காயலான் கடைச் சரக்கு மாதிரிதான் இருக்கும்.

'கெட்டுப்போனால்?' என்று அவர்கள் கேட்கவில்லை. கெட்டுத்தான் போகும் என்று முடிவு கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்கள். எந்தத் தகவலாக இருந்தாலும் வழக்கமாக மூன்று மெஷின்களில் மூன்று பிரதி. ஒன்று செத்தால் அடுத்தது பேசும். செத்ததைச் சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாம். சர்வர் அணையலாம், சேவை அணையக் கூடாது. ஃபிளவர்ஸ் ஆரம்பித்துவைத்த பாடத்தின் அடுத்த அத்தியாயம் இது.

பாடம் எல்லோருக்கும் தெரியும். கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

2017 மே 27. பிரிட்டிஷ் ஏர்வேஸின் டேட்டா சென்டரில் ஓர் இன்ஜினீயர் பவர் சப்ளை ஒன்றைத் துண்டித்துவிட்டார். அதுகூடப் பெரிய விஷயமில்லை. மறுபடி இணைத்த விதம்தான் வினை. முறைப்படி இல்லாமல் கரன்ட் ஒரேயடியாகப் பாய்ந்து கருவிகளைப் பதம் பார்த்தது என்று அதன் தாய்க் கம்பெனித் தலைவரே பின்னால் விளக்கம் சொன்னார். சுமார் 75,000 பயணிகள் பெட்டியும் படுக்கையுமாக விமான நிலையங்களில் தவித்தார்கள்.

2022 அக்டோபரில் தென் கொரியாவின் பங்யோவில் ஒரு டேட்டா சென்டரில் தீ. பேட்டரியிலிருந்து கிளம்பியது. அந்த நாடே பேசிக்கொள்கிற காகாவோ டாக் முடங்கியது. கொரிய அரசு விழித்துக்கொண்டது. சர்வருக்குப் பக்கத்தில் பேட்டரியை வைக்கக் கூடாது, பிரித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோ என்று வேலையை ஆரம்பித்தார்கள்.

2025 செப்டம்பர் 26, ராத்திரி. டேஜான் நகரில் அரசாங்கத்தின் சொந்த டேட்டா சென்டர், ஐந்தாவது மாடி. பேட்டரிகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும் பணி நடந்துகொண்டிருக்கிறது. தீ வரக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை. அந்த வேலையின் நடுவிலேயே தீ வந்தது. அணைக்கச் சுமார் 22 மணி நேரம் ஆயிற்று. 647 அரசு சேவைகள் முதலில் நின்றன.

அவற்றில் பெரும்பாலானவை மெள்ள மெள்ள எழுந்தன. ஒன்று மட்டும் எழவேயில்லை. 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்புக் கிடங்கு. அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் 30 ஜி.பி. ஃபைல்களை உங்கள் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், இங்கேயே வையுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நம்பி வைத்தார்கள். பல வருட உழைப்பு, மொத்தம் 858 டெராபைட். வெளியே பிரதி இல்லை. ஏன் எடுக்கவில்லை? அளவு ரொம்பப் பெரியது, அதனால் எடுக்கவில்லை என்றார்கள்.

எவ்வளவு பெரியது? நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே டிஸ்க்கில் 20 டெராபைட் பிடிக்கிற காலம் இது. 858 டெராபைட்டுக்கு 43 டிஸ்க் போதும். செத்துப்போவதற்கென்று கூடப் பத்துப் பதினைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். அறுபது. அறுபது டிஸ்க் அடங்குகிற சர்வர் கடையில் கிடைக்கிறது. அதன் உயரம் 4 யூ.

அதாவது, 19 அங்குல ரேக்கில் வெறும் ஏழு அங்குலம். இன்னொரு ஊரில் ஓர் அலமாரியில் அந்த ஏழு அங்குலத்தை ஒதுக்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்திருந்தால் போதும்.